சொல்லாமல் கலைந்த காலைக் கூட்டம்

நோய் நுழைய நூறு வாயில் திறந்திருக்கும் இவ்வுலகில், நலம் நுழைய ஒரு வாயிலைத் திறந்து வைத்திருக்கும் இந்த மருத்துவமனைக்கும், இன்று இந்த அவைக்கும் தலைவராக என் வலப்பக்கத்தில் வீற்றிருக்கும் தலைமை மருத்துவர் அவர்களே! உடலின் உட்பொருள் அறிந்த மருத்துவ அறிஞர்களே! இரவுப் பணி முடித்து, கண்ணில் எரிச்சலோடும் காலில் வலியோடும், வீட்டுக்குப் போகாமல் நேரே இங்கே வந்து அமர்ந்திருக்கும் செவிலியச் செல்வங்களே! தரை துடைப்போரே, தள்ளுவண்டி தள்ளுவோரே, துணி வெளுப்போரே, உணவு சுமப்போரே! என்னினும் மூத்த பெரியோரே! பெற்று, ஊட்டி, காத்து, கவலைப்பட்டே காலத்தைக் கழிக்கும் தாய்மாரே! மருந்துச் சீட்டோடு வெளியே வரிசையில் நின்று, உள்ளே மின்விசிறி ஓடுகிறது என்பதற்காக வந்து பின்சுவரில் சாய்ந்திருக்கும் அன்பர்களே! உங்களையும் விட்டுவிட மாட்டேன். அனைவர்க்கும் என் தலை தாழ்ந்த வணக்கம்.

சுருக்கமாகப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பேசுகிறவனிடம் சுருக்கம் கேட்பது, மழையிடம் அளவாகப் பெய் என்று கேட்பது போன்றது. திருமறை விரிவுரை சொல்லியே தலை நரைத்தவன் நான். பண்டைச் செய்யுளில் ஒரு வரியைப் பிடித்தால் மாலை விளக்கேற்றும் வரை விடமாட்டேன். என் மனைவி முன்வரிசையில் அமர்ந்து கேட்பாள். கேட்டுவிட்டு, வீட்டுக்கு வரும் வழியில் சொல்வாள்: "நல்லாத்தான் பேசினீங்க. ஆனா நீங்க முடிக்கிறதுக்குள்ள கடவுளே கொட்டாவி விட்டிருப்பாரு."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அவளுக்கும் அது பிடிக்கும்.

அவள் இன்று இல்லை, அவையோரே. முன்வரிசையில் இல்லை. பின்வரிசையில் இல்லை. வீட்டில் இல்லை. இந்த மண்டபத்துக்கு மேலே, படியேறி இடப்பக்கம் திரும்பினால் வரும் பொது மருத்துவ வார்டில், சன்னலோரம் மூன்றாம் கட்டிலில் அவள் படுத்திருந்தாள். அங்கிருந்துதான் போனாள்.

அவள் தையற்காரி. ஆளைக் கண்டால் முகம் பார்க்கும் முன் தோள் பார்ப்பாள். பக்கவாதம் சற்றே தட்டிவிட, வலக்கை துவண்டு, நா குழறிப் படுத்திருந்த நிலையிலும், சுற்றி வந்த தலைமை மருத்துவரைப் பார்த்து என்ன கேட்டாள் தெரியுமா? "டாக்டர், இந்தக் கோட்டு யாரு தைச்சது? தோள்பட்டை ஒரு விரல் எறங்கியிருக்கே. நான் எந்திரிச்சதும் கொண்டு வாங்க." தலைவர் தலையசைக்கிறார். நினைவிருக்கிறது அவருக்கு. செவிலியர் எல்லாம் வாய்பொத்திச் சிரித்தார்கள். நோயாளி ஒருத்தி மருத்துவருக்கு நாள் குறித்துக் கொடுத்த கட்டில் அது.

தேறி வந்தாள். கை மெல்ல மடங்கியது. விரல் மெல்ல அசைந்தது. பேச்சில் இருந்த குழறல் கூடக் குறைந்துகொண்டு வந்தது. இன்னும் சில நாளில் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். வீடு பெருக்கி வைத்தேன். தையல் எந்திரத்தின் தூசி தட்டி வைத்தேன். பிறகு ஏன் போனாள்? அதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

அந்த வார்டில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. நாள்தோறும் காலையில், இரவுக் குழுவும் பகற்குழுவும் நடைவழியில் வட்டமாக நின்று சிறிது நேரம் பேசுவார்கள். நாற்காலி கிடையாது. அமர்ந்தால் பேச்சு நீளும் என்று யாரோ அறிவுள்ளவர் வகுத்த முறை. எந்தக் கட்டிலுக்கு இன்று என்ன ஆபத்து, யார் எழுந்து நடந்தால் விழுவார், யாருக்கு எந்த மருந்து ஒவ்வாது, யாருக்கு எதைக் கொடுக்கக் கூடாது என்று ஒருவர் சொல்ல, எல்லாரும் கேட்பார்கள். மருத்துவரும் நிற்பார், உணவு வண்டி தள்ளுகிறவரும் நிற்பார். சொல்லிக் கேட்ட பிறகுதான் கட்டிலின் தலைமாட்டில் எச்சரிக்கை அட்டையை மாட்டுவார்கள். சொல்லாமல் மாட்டிய அட்டையை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லையாம். எனவே முதலில் சொல், அதன்பின் அட்டை. எவ்வளவு நல்ல முறை! அந்த நல்ல முறையின் ஒரு நாள் ஓட்டைக்குள்தான் என் மனைவி விழுந்து போனாள்.

அதற்கு முந்திய மாலை, நான் வீடு திரும்பிய பின், அவள் தண்ணீர் குடிக்கும்போது விடாமல் இருமியிருக்கிறாள். முறைப்பணி மருத்துவர் வந்து பார்த்தார். விழுங்கும் ஆற்றல் குறைந்திருக்கிறது, விழுங்கினால் உணவு நுரையீரலுக்குள் இறங்கிவிடும், ஆகையால் நாளை சோதித்துப் பார்க்கும்வரை வாய்வழி எதுவும் தரக் கூடாது என்று இரவுச் செவிலியிடம் சொல்லிவிட்டுப் போனார். அப்போது என் மனைவி மருந்து மயக்கத்தில் இருந்தாள். அவள் காதில் இது விழவில்லை. இரவில் உறவினர் தங்க இடமில்லாத வார்டு அது. எங்கள் காதிலும் விழவில்லை. காலைக் கூட்டத்தில் சொல்லி, அட்டை மாட்டி, வருகிற உறவினரிடமும் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஒரே ஒரு வாக்கியம்.

அந்த வாக்கியத்தை ஏன் சொல்லவில்லை? சோம்பலா? இல்லை. செருக்கா? இல்லை. கவனக்குறைவா? ஐயோ, அதுவும் இல்லை!

அந்த வார்டுக்குத் தாயாக இருந்தவர் அதன் தலைமைச் செவிலியர். எல்லாரும் அவரைப் 'பெரிய சிஸ்டர்' என்பார்கள். யார் பெற்ற தாய்க்கெல்லாமோ தலையணை நிமிர்த்தி வைத்த அந்த அம்மையாரின் சொந்தத் தாய், அவர் இங்கே பணியில் இருந்தபோது அங்கே கண்மூடிவிட்டார். இறுதிக் கடனைச் செய்துவிட்டு அவர் பணிக்குத் திரும்பிய முதற்காலை அது. வட்டமாகக் கூடினார்கள். அவர் வந்து நடுவில் நின்றார். வழக்கம்போல் தொடங்கலாம் என்று வாய் திறந்தார். குரல் உடைந்தது. அவ்வளவுதான்! ஒரு செவிலி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். இன்னொருத்தி தோளைத் தடவினாள். உணவு வண்டி தள்ளுகிற அம்மா முந்தானையால் முகம் துடைத்துக்கொண்டே, "அழுதுடும்மா, அடக்கி வைக்காதே" என்றார். அனைவரும் அழுதார்கள். அழுதபடியே கலைந்தார்கள்.

எண்ணிப் பாருங்கள், தாய்மாரே. அன்பில்லாத இடமாக இருந்திருந்தால் என் மனைவி பிழைத்திருப்பாள். முகம் பார்க்காமல் தலைகுனிந்து வேலை பார்க்கிற வார்டாக இருந்திருந்தால், "அம்மா போயிட்டாங்களா, சரி, முதல் கட்டிலுக்கு வருவோம்" என்று போயிருப்பார்கள். மூன்றாம் கட்டில் வரை வந்திருப்பார்கள். கல் தடுக்கி விழுவதைக் கேட்டிருக்கிறேன். இவர்கள் கனிவு தடுக்கி விழுந்தார்கள். இந்தப் பிழைக்கு நான் யாரைக் கடிந்துகொள்வேன்? எந்தத் தெய்வத்திடம் முறையிடுவேன்?

அந்த இரவுச் செவிலிக்கு வயது குறைவு. சொல்ல வேண்டிய சொல்லைத் தொண்டையில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். பின்னாளில் பெரிய சிஸ்டரிடம் அவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: "நான் சொல்லணும்னுதான் நின்னேன் சிஸ்டர். எல்லாரும் அழுதுட்டு இருக்காங்க. அந்த நேரத்துல மூணாவது கட்டிலு, தண்ணி, இருமல்னு எப்படி வாயத் தொறக்குறது? மனசே இல்லாதவன்னு நினைப்பாங்களேன்னு இருந்துச்சு." கொஞ்சம் கழித்துச் சொல்லலாம் என்று எண்ணினாள். அவளுடைய வண்டி போய்விடும் நேரம். பகற்பணிக்கு வந்திருந்த அறைத்தோழியிடம் சொல்லிவிட்டுப் போகலாம் என்று தேடினாள். தோழி பெரிய சிஸ்டருக்கு முகம் கழுவத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். இவள் வண்டியேறிப் போய்விட்டாள்.

காலை உணவு வண்டி வந்தது. தலைமாட்டில் அட்டை இல்லை. பால் வைத்துவிட்டுப் போனார்கள். என் மகள் அப்போதுதான் வந்து சேர்ந்தாள். "தொண்டை வறளுதுடி" என்றாள் அவள் தாய். "இரும்மா, ஆத்தித் தர்றேன்" என்றாள் மகள். ஆற்றினாள். தலையை நிமிர்த்திப் பிடித்தாள். ஊட்டினாள். ஈன்றவளுக்கு, அவள் ஈன்றெடுத்த மகள் ஊட்டினாள். மறைகளெல்லாம் புகழ்கிற அறம் அல்லவா அது? அந்த அறத்தைச் செய்துகொண்டிருந்தபோதே அவள் தாய்க்கு மூச்சு முட்டியது. ஓடி வந்தார்கள், உறிஞ்சி எடுத்தார்கள், காற்றுக் குழாய் வைத்தார்கள். பால் இறங்கிய நுரையீரலில் சீழ் பிடித்தது. அந்த வாரம் முடிவதற்குள் முடிந்துவிட்டது.

அழாதீர்கள் அம்மா. நீங்கள் அழுதால் நான் எப்படிப் பேசுவேன்? தண்ணீர் கொடுங்கள் அவருக்கு.

எங்களிடம் என்ன சொன்னார்கள்? 'நோயின் போக்கு' என்றார்கள். 'எதிர்பாராதது' என்றார்கள். எல்லாம் வழவழப்பான சொற்கள். கையில் பிடித்தால் நழுவுகிற சொற்கள். ஆனால் நடைவழியில் யாரோ யாரிடமோ பேசியது என் மகள் காதில் விழுந்துவிட்டது: "பால் குடுத்திருக்காங்க, அதான்."

அதான். அந்த ஒரு சொல்லைச் சுமந்துகொண்டு என் மகள் வீடு வந்தாள். யாரிடமும் சொல்லவில்லை. கணவனிடம் சொல்லவில்லை. என்னிடம் சொல்லவில்லை. அவளுக்கு ஒரு சின்னப் பெண் இருக்கிறாள்; ஊட்டினால்தான் உண்பாள், அவ்வளவு செல்லம். என் மகள் அந்தக் குழந்தைக்கு ஊட்டுவதை நிறுத்திவிட்டாள். மாப்பிள்ளை வேலைக்குப் போகுமுன் ஊட்டிவிட்டுப் போவார், வந்து ஊட்டுவார். ஒருநாள் கேட்டேன்: "ஏம்மா, நீ ஊட்டினா என்ன? பாப்பா உன்னத்தானே பாக்குறா?" தன் இரண்டு கைகளையும் மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு சொன்னாள்: "என் கை சரியில்லப்பா."

என் கை சரியில்லை! பெற்றவளுக்கு ஊட்டிய கை, பெற்றதற்கு ஊட்ட அஞ்சுகிறது. துயரத்தைப் பாடும் ஆயிரம் உருக்கமான செய்யுளை எடுத்துரைத்தவன் நான். அந்த மூன்று சொல்லுக்கு நிகராக ஒரு செய்யுளும் எனக்கு அகப்படவில்லை.

காலம் ஓடியது. ஒரு பிற்பகல். கதவு தட்டும் ஒலி. திறந்தால், சீருடை இல்லாமல், ஒரு கைப்பையை மார்போடு அணைத்தபடி பெரிய சிஸ்டர் நிற்கிறார். உள்ளே வரச் சொன்னேன். உட்காரவில்லை. என் மகளைக் கூப்பிடச் சொன்னார். வந்தாள். நின்ற நிலையிலேயே அந்த அம்மையார் எல்லாவற்றையும் சொன்னார். மாலையில் மருத்துவர் சொன்னது, காலையில் யாரும் சொல்லாதது, அழுதது, கலைந்தது, அட்டை மாட்டாதது, ஒன்றையும் மறைக்கவில்லை.

என் மகள் என்ன செய்தாள்? காலில் விழுந்தாளா? கட்டிப்பிடித்தாளா? இல்லை. கத்தினாள். "இத்தனை மாசம் எங்க இருந்தீங்க? இத்தனை மாசம்! நான் தெனம் செத்துட்டு இருந்தேன், தெரியுமா உங்களுக்கு?"

"பயந்துட்டு இருந்தேம்மா" என்றார் அவர். "வெளிய சொல்லக் கூடாதுன்னாங்க. வேலை போயிடும்னு பயம். சொன்னா உங்க வீட்டுல என்ன செய்வீங்களோன்னும் பயம்."

"அப்ப நான் குடுத்த பாலு..."

"நீ குடுத்தது பாலுதாம்மா. குடுக்கக் கூடாதுன்னு உனக்கு யாரு சொன்னா? நாங்க சொல்லணும். சொல்லல. உன் கையில ஒண்ணும் இல்லம்மா. எங்க வாயில இருந்துச்சு."

என் மகள் அடுக்களைக்குள் போய்விட்டாள். கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே பாத்திரம் விழும் ஒலி கேட்டது. நாங்கள் இருவரும் கூடத்தில் நின்றோம். நெடுநேரம் கழித்து வெளியே வந்தாள், கண் வீங்கியிருந்தது. "உக்காருங்க" என்றாள். அவர் உட்கார்ந்தார். அன்று மாலை, விளக்கு வைத்த பின், நான் வழிபாட்டில் இருக்கிறேன். பின்னால் சத்தம். திரும்பிப் பார்க்கிறேன். என் மகள் குழந்தையை மடியில் இருத்தி, ஒரு கவளம் பிசைந்து, வாயருகே கொண்டு போகிறாள். குழந்தை ஆவென்று திறக்கிறது. நான் அன்று வழிபாட்டை முடிக்கவில்லை. கடவுள் பொறுத்துக்கொண்டிருப்பார்.

அவையோரே, இங்கே ஒன்று சொல்ல விரும்புகிறேன். நம் பழம்பாடல்களில் தோழி என்றொரு பாத்திரம் உண்டு. அவளுக்கு நிலமில்லை, குடியில்லை, பெயர்கூட இல்லை. பிறகு எதற்கு அவள்? தலைவியின் வாய் சொல்லக் கூசுவதைத் தன் வாயால் சொல்வதற்கு! தாய் கோபிப்பாளே என்று பார்க்க மாட்டாள். தலைவன் முகம் சுளிப்பானே என்று பார்க்க மாட்டாள். காலம் கடந்தால் உயிர் போகும் என்று தெரிந்தால், போய் நின்று சொல்லிவிடுவாள். அக்காலப் புலவர்களுக்கு அது தெரிந்திருந்தது: உள்ளத்தில் உண்மை இருந்தால் போதாது, அதை உரிய நேரத்தில் உரக்கச் சொல்ல ஒரு வாய் வேண்டும். பொய் சொல்லாதே என்று எல்லா மறையும் சொல்கிறது. ஆனால் மெய்யைச் சொல்லாமல் விடுவது? அதற்கும் ஒரு நாள் இறைவன் முன் கணக்குக் கேட்பார்கள் என்றே நான் நம்புகிறேன்.

அந்த அம்மையார் எங்கள் வீட்டுக்கு வந்து தோழியின் வேலையைச் செய்தார். காலம் கடந்துதான் செய்தார், ஆனாலும் செய்தார். அதற்கு என்ன கிடைத்தது? அனுமதியின்றிக் குடும்பத்தாரிடம் பேசினார் என்று விசாரணை! பணியிலிருந்து விலக்கி வைத்திருக்கிறார்கள். நிலையாக நீக்கிவிடலாமா என்று குழு கூடிப் பேசுகிறது.

என்ன தம்பி? உரக்கச் சொல்லுங்கள், கேட்கவில்லை. ... 'அப்போ அவங்க மேல தப்பே இல்லையா' என்று கேட்கிறார். நல்ல கேள்வி. இருக்கிறது தம்பி. யார் இல்லை என்றது? கூட்டம் நடத்த வேண்டியவர் நடத்தவில்லை. சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை. என்னிடமே சிலர் கேட்டார்கள், மன்னித்துவிட்டீர்களா என்று. பொய் சொல்ல மாட்டேன். என் உதடு மன்னித்துவிட்டது. நெஞ்சு இன்னும் வழியில் வந்துகொண்டிருக்கிறது. இரவில் பக்கத்துத் தலையணையைத் தொட்டுப் பார்க்கிறபோது, வந்த வழியே கொஞ்சம் திரும்பியும் போய்விடுகிறது. ஆனால் நான் அவரைத் தண்டியுங்கள் என்று கேட்டால், அவர் எதற்காகத் தண்டிக்கப்படுவார்? பேசாமல் இருந்த காலைக்காகவா? இல்லையே! அந்தக் காலைக்காக இந்த மருத்துவமனை அவரைத் தொடவே இல்லையே! பேசிய பிற்பகலுக்காக அல்லவா வாசலில் நிறுத்தியிருக்கிறது!

இன்று என்ன விழா இது? எல்லா வார்டிலும் நாள்தோறும் காலைக் கூட்டம் தொடங்குகிற விழா. வாசலில் எவ்வளவு அழகான பதாகை! 'அச்சமின்றிப் பேசுங்கள், உயிர் காப்போம்.' படித்தேன். நின்று இரண்டு முறை படித்தேன். பேசுங்கள் என்று பதாகை மாட்டிய கை எது? பேசியவரை விலக்கிய கை எது? இரண்டும் ஒரே உடம்பில் இருக்கலாமா? நாளைக் காலை நடைவழியில் வட்டமாக நிற்கப்போகிற இளம் செவிலியரே, உங்களைக் கேட்கிறேன். ஒரு தவறு உங்கள் கண்ணில் படுகிறது. சொல்ல வேண்டும். அப்போது உங்கள் மனக்கண்ணில் யார் வந்து நிற்பார்? பதாகையா, பெரிய சிஸ்டரா?

சில தலைகள் குனிந்துவிட்டன. விடை தெரிந்துவிட்டது.

அழாதீர்கள் என்று நான் மருத்துவமனைகளுக்குச் சொல்ல மாட்டேன். அழத் தெரியாத கையிடம் என் உடம்பைக் கொடுக்க நான் விரும்பவில்லை. அழுங்கள்! தோழி தாயை இழந்தால் கட்டிக்கொண்டு அழுங்கள்! ஆனால் அழுதுகொண்டே சொல்லுங்கள். விம்மிக்கொண்டே சொல்லுங்கள். குரல் உடைந்தால் உடைந்த குரலில் சொல்லுங்கள். முதல் கட்டில், சொல்லுங்கள். இரண்டாம் கட்டில், சொல்லுங்கள். மூன்றாம் கட்டிலைத் தாண்டிப் போய்விடாதீர்கள். அங்கே ஒரு தையற்காரி படுத்திருக்கிறாள். அவளுக்கு ஒரு மகள் இருக்கிறாள். அந்த மகள் பேருந்திலிருந்து இறங்கி, படியேறி வந்துகொண்டிருக்கிறாள். அவள் வந்து சேர்வதற்குள் சொல்லிவிடுங்கள்!

தலைவர் அவர்களே. உங்களிடம் மட்டும் ஒரு சொல். அந்தக் குழுவுக்கு என் பெயரில் ஒரு முறையீடு வேண்டும் என்று என்னிடம் கேட்டார்கள். நான் கொடுக்கவில்லை, கொடுக்கவும் மாட்டேன். அதற்கு மாறாக ஒரு வேண்டுகோள் கொண்டுவந்திருக்கிறேன். அந்த அம்மையாரைத் திரும்ப வார்டுக்கு அனுப்புங்கள். இரக்கத்துக்காகக் கேட்கவில்லை. அன்று காலை எப்படிக் கலைந்தது என்பதை எலும்புவரை அறிந்தவர் அவர். அவரை அனுப்பிவிட்டால், என் மனைவியின் சாவிலிருந்து கற்றுக்கொண்டவர் ஒருவரும் அந்த நடைவழியில் இருக்க மாட்டார். அவள் செத்தது வீணாகிவிடும். அதை மட்டும் என்னால் தாங்க முடியாது.

அதோ, கதவோரம், கடைசி வரிசையில் இருக்கிறார். அழைப்பு அனுப்பியிருக்க மாட்டார்கள்; தாமாகவே வந்திருக்கிறார். எல்லாரும் திரும்பிப் பார்க்காதீர்கள், அவர் தலை குனிகிறார் பாருங்கள்.

இன்னும் ஒன்று சொல்லிவிட்டு...

பொறுங்கள். தலைவர் எழுந்திருக்கிறார். ஒலிவாங்கி வேண்டுமா ஐயா? வேண்டாமா? சொல்லுங்கள்.

...

அவையோரே, அவர் சொன்னது பின்வரிசைக்குக் கேட்டிருக்காது. அவர் குரல் எழும்பவில்லை. நான் திருப்பிச் சொல்ல வேண்டுமா ஐயா? சொல்லச் சொல்கிறார். அவர் சொன்ன சொல்லிலேயே சொல்கிறேன்.

"ஐயா, அன்னைக்குக் காலையில நானும் அங்க நின்னேன். துக்கம் கேட்கப் போயிருந்தேன். அந்தம்மா அழுதுக்கிட்டேதான் இருந்தாங்க, ஆனா கண்ணைத் தொடச்சிட்டு, 'வாங்க, கட்டிலுக்குப் போவோம்'னு ஆரம்பிச்சாங்க. நான்தான் தடுத்தேன். 'இன்னைக்கு ஒண்ணும் பேச வேணாம் சிஸ்டர், எல்லாரும் வேலையப் பாருங்க'ன்னு சொன்னேன். கூட்டத்தக் கலைச்சது அவங்க இல்ல, நான். விசாரணையில நான் அதச் சொல்லல. அவங்களும் என்னைக் காட்டிக் குடுக்கல. இன்னைக்கே குழுகிட்ட எழுதிக் குடுக்கிறேன். அவங்க போகணும்னா, முதல்ல நான் போறேன்."

இவ்வளவுதான் சொன்னார். இன்னும் நின்றுகொண்டிருக்கிறார்.

எங்கள் வீட்டுக் கூடத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்ன அந்த அம்மையார், இந்த ஒன்றை மட்டும் சொல்லவில்லை. தம் பிழையைச் சொன்னார். பிறர் பிழையை விட்டுவிட்டார்.

எனக்குக் கோபம் வருகிறது ஐயா. மறைக்கவில்லை. இத்தனை மாதம் என் மகள் கைகளைக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தாளே, அப்போது இந்தச் சொல் எங்கே இருந்தது? ஆனாலும் நீங்கள் சொல்லிவிட்டீர்கள். உங்கள் அவையில், உங்கள் ஊழியர் முன், உங்கள் பதாகை தொங்கும் மண்டபத்தில் நின்று சொல்லிவிட்டீர்கள். என் மனைவி போன பிறகு இந்தக் கட்டடத்துக்குள் இவ்வளவு கனமான ஒரு மெய்யை நான் கேட்டதில்லை.

என் உரை இன்னும் மீதம் இருக்கிறது. நல்ல உவமைகள் எல்லாம் வைத்திருந்தேன். அவை வேண்டாம். நான் கேட்க வந்தது கிடைத்துவிட்டது. கேட்க அஞ்சியதும் கிடைத்துவிட்டது. இதை வீட்டுக்குக் கொண்டுபோய் என் மகளிடம் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வேன் என்று தெரியவில்லை. ஆனால் இன்றே சொல்லிவிடுவேன்.

பெரிய சிஸ்டர் எழுந்து வருகிறார். நடுவழியை விடுங்கள், நாற்காலியை நகர்த்துங்கள். அவரும் தலைவரும் பேசிக்கொள்ளட்டும். அதற்கு ஒலிவாங்கி தேவையில்லை, நமக்கும் அங்கே வேலையில்லை.

ஒரு கிழவனின் புண்ணைக் காது கொடுத்துக் கேட்ட அவைக்கு நன்றி. அழுத தாய்மாருக்கு நன்றி. குறுக்கே கேட்ட தம்பிக்குத் தனி நன்றி. நாளை நடைவழியிலும் அப்படியே கேளுங்கள். இன்று இரவு இந்த மாடியில் படுத்திருக்கும் ஒவ்வோர் உயிரையும் இறைவனிடமும், அவனுக்கு அடுத்தபடியாக உங்களிடமும் ஒப்படைத்து விடைபெறுகிறேன்.

வணக்கம்.